நொண்டிக்குதிரைப் பிரிவு

டெல்வின் ஸ்டௌட் அதே கேள்வியை மூன்றாவது தடவை கேட்டபோது நான் அவருடைய ஜீப்பின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தேன்.

“மணல்ல போறதுக்கு டயர்ல காத்தை எவ்வளவுக்கு இறக்கணும், பதினெட்டா?”

“பதினெட்டு,” என்றேன். முதல் இரண்டு தடவையும் அதையேதான் சொல்லியிருந்தேன்.

இதற்கு விடை தெரியாத ஆள் இல்லை அவர். எங்கள் மாவட்டத்து மண் ரோடுகளில் முப்பத்தோரு வருஷம் கிரேடர் ஓட்டியவர். மழை வந்து ரோட்டை அறுத்துப் போட்ட பிறகு, அந்த நீள வண்டியின் பிளேடால் சீவிச் சீவி மறுபடியும் அதை ரோடாக்கியது அவர்தான். எந்த ஓடை எந்த மாதம் கரையைத் தின்னும், எந்த மேட்டில் களிமண், எங்கே புதைமணல் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். என் பிழைப்பு பாலைவனத்தில் மாட்டிக்கொண்ட வண்டிகளை இழுத்து வருவது. யூட்டாவின் தென்கோடியில், பெட்ரோல் பங்கும் சர்ச்சும் என் ஒர்க்‌ஷாப்பும் தவிர அதிகம் ஒன்றுமில்லாத ஊர் எங்களுடையது. வெளியூர்க்காரர்கள் பளபளக்கும் வண்டியில் வந்து எங்காவது சிக்கிக்கொள்வார்கள். போன் வரும். இடம் புரியவில்லையென்றால் நான் டெல்வினைக் கூப்பிடுவேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு வழி சொல்வார். அப்படிப்பட்ட மனிதர் பதினெட்டா பதினெட்டா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் தலையைத் தூக்கி அவர் மனைவி நெட்ராவைப் பார்த்தேன். நெட்ரா சுவரில் தொங்கிய காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார். ஜூன் பிறந்து பத்து நாளாகியும் அதில் ஏப்ரல்தான் இருந்தது.

டெல்வின் சோடா வாங்க வெளியே போனதும் நெட்ரா கிட்டே வந்தார்.

“டாக்டர் மார்ச்லயே சொல்லிட்டாரு, லைமன். திங்கக்கிழமை கார்லீன் வர்றா. சாவியை வாங்கிட்டுப் போயிடுவா. லைசென்சையும் திருப்பிக் குடுக்கணும்.” கார்லீன் அவர்களுடைய மகள். வடக்கே, தலைநகரத்தில் இருக்கிறாள்.

“அவருக்குத் தெரியுமா?”

“காலைல தெரியும். மத்தியானம் தெரியாது.”

நான் வால்வின் மூடியைத் திருகி மாட்டினேன்.

“அதுக்கு முன்னாடி ஒரு தடவை நொண்டிக்குதிரைத் தடத்துல போயிட்டு வந்துடறோம். அவன் கேட்டது இது ஒண்ணுதான்.”

“நீங்க ஓட்டலாம்ல?”

“ஓட்டலாம். அவன் பக்கத்துல உக்காந்து வேடிக்கை பாக்கணும். அதுக்கு வீட்லயே இருக்கலாமே.”

நொண்டிக்குதிரைத் தடம் எண்பத்துநாலு மைல். நடுவில் வீடு கிடையாது, போன் கிடையாது. வெயில் காலத்தில் வாரத்துக்கு ஒரு வண்டி போனால் அதிகம். ‘வேண்டாம்’ என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாற்பத்து நாலு வருஷம் கூட இருந்தவளுக்குத் தெரியாததா எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். வண்டியின் அடியில் ஊர்ந்து, இறுக்க வேண்டியதை எல்லாம் இறுக்கினேன்.

நெட்ரா என் பில் ஒன்றின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை காலை வடக்கு வழியாக உள்ளே. ராத்திரி, முன்னொரு காலத்தில் மாடு அடைக்கக் கல்லால் கட்டிய கல்பட்டியில் தங்கல். சனிக்கிழமை சாயங்காலம் தெற்கே நெடுஞ்சாலையில் வெளியே. “ஞாயித்துக்கிழமை ஒம்பது மணிக்கு நாங்க சர்ச்சுல இல்லைன்னா கிளம்பி வா.”

டெல்வின் மூன்று ஆரஞ்சு சோடாவோடு திரும்பினார். ஒன்றை எனக்குத் தந்தார்.

“உன் கம்ப்ரஸர் சத்தம் எங்க மாமியார் குறட்டை மாதிரியே இருக்குடா.”

“எங்கம்மா குறட்டையை நீ எப்பக் கேட்டே?” என்றார் நெட்ரா. “அவ வந்தா நீ கொட்டாய்ல போய்ப் படுத்துக்குவியே.”

“கொட்டாய் வரைக்கும் கேட்டுதுன்னுதான் சொல்றேன்.”

மூவரும் சிரித்தோம். அவர்கள் கிளம்பிப் போனார்கள்.

இனி நான் சொல்லப்போவது நெட்ரா பிற்பாடு என்னிடம் சொன்னது.

வெள்ளிக்கிழமை நன்றாகத்தான் போயிற்று. வார்த்தைகள் டெல்வினை விட்டுப் போய்க்கொண்டிருந்தன, ஆனால் கைகள் எதையும் மறக்கவில்லை. தடத்தில் பன்னிரண்டாம் மைலில் பாறைகள் படிப்படியாக இறங்கும் இடம் ஒன்று உண்டு. நல்ல நல்ல ஓட்டுநர்கள் அங்கே வண்டியின் அடிவயிற்றைக் கிழித்துக்கொண்டிருக்கிறார்கள். டெல்வின் வண்டியை நிறுத்தி இறங்கினார். இடுப்பில் கைவைத்து மேலும் கீழும் நடந்து பார்த்தார். ஒரு கல்லைக் காலால் நகர்த்தினார். பிறகு ஏறி உட்கார்ந்து, சின்ன கியரில், மேசையில் கண்ணாடித் தம்ளரை வைப்பது போல ஒவ்வொரு சக்கரத்தையும் ஒவ்வொரு படியில் வைத்து இறக்கினார். மணல் வந்தபோது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. வண்டி மிதந்துகொண்டு போயிற்று. டாக்டர்கள் ஒரு வெள்ளை அறையில் உட்கார வைத்து இது எந்த வருஷம், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி என்று கேட்டார்களே, இதை யாரும் கேட்கவில்லையே என்று நெட்ராவுக்குத் தோன்றியது. அன்று சாயங்காலம் வறுத்த கோழியும் டப்பா பீன்ஸும் சாப்பிட்டார்கள். அவருக்கு நல்ல பசி.

சனிக்கிழமை காலையில் நெட்ரா முட்டை பொரித்துக்கொண்டிருந்தபோது டெல்வின் கல்பட்டியைச் சுற்றிச் சுற்றி எதையோ தேடினார்.

“கிரேடரை எங்க விட்டேன், நெட்ரா?”

“டெப்போல நிக்குது.”

“சாவி?”

“அங்கயேதான்.”

“சரி,” என்று வந்து முட்டையைச் சாப்பிட்டார்.

பத்தரை மணிவாக்கில் பிரிவுக்கு வந்தார்கள். அங்கே தரை முழுக்க வெறும் பாறை. பள்ளிக்கூட மைதானம் அளவுக்குச் சிவப்பாக விரிந்து கிடக்கும், சக்கரத் தடம் எதுவும் பதியாது. பாறையின் மறுகரையில் இரண்டு வழிகள் பிரியும். வலப்பக்கம் போனால் மாடுகள் தண்ணீர் குடிக்கும் குளம், அதைத் தாண்டி நெடுஞ்சாலை. இடப்பக்க வழி, ஐம்பதுகளில் யுரேனியம் தேடிக் குடைந்தவர்கள் போட்டது. ஐந்து மைலில் அவர்கள் தோண்டிய குழிகளோடு முடிந்துவிடும். பலகை எதுவும் கிடையாது.

டெல்வின் கொஞ்சமும் யோசிக்காமல் இடப்பக்கம் திருப்பினார்.

“டெல்வின், வலப்பக்கம் இல்ல?”

அவர் பிரேக் போட்டார். திரும்பி மனைவியைப் பார்த்தார்.

“இந்த ரோட்டை முப்பத்தோரு வருஷம் சீவினவன் நான். நீ பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்குச் சமைச்சுப் போட்டவ.”

அவர் எப்போதும் செய்கிற கேலி இல்லை அது. இத்தனை வருஷத்தில் அந்தக் குரலை நெட்ரா கேட்டதே இல்லை. “கோவம் மாதிரிதான் இருந்துது,” என்றார் என்னிடம். “ஆனா உள்ள பயம். என்னைத் தப்புன்னு சொல்லிடாதேன்னு கெஞ்சற மாதிரி.”

“நீ சொன்னா சரி,” என்றுவிட்டார் நெட்ரா. ஐந்து மைல்தானே, குழிகளைப் பார்த்ததும் தானே சிரித்துக்கொண்டு திருப்பிவிடுவான், அரை மணி நேரம் அவன் சொன்னதே சரியாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தார்.

நாலரை மைலில், ஓடைக் கரையை ஒட்டி ரோடு வளைகிற இடத்தில், போன வருஷத்து வெள்ளம் பாதி ரோட்டைக் கொண்டுபோயிருந்தது. பழைய டெல்வின் என்றால் இறங்கி நடந்து பார்த்திருப்பார். முந்தின நாள்கூடப் பார்த்தாரே. அன்று பார்க்கவில்லை. வலப்பக்கச் சக்கரங்களின் கீழே கரை இடிந்தது. ஜீப் மூக்கைக் குத்திக்கொண்டு ஆளுயரப் பள்ளத்தில் சரிந்து நின்றது.

இருவருக்கும் பெரிய அடியில்லை. ஆனால் முன்சக்கரங்களை இணைக்கும் டை ராட் வில்லாக வளைந்துவிட்டது. ஒரு சக்கரம் கிழக்கே பார்த்தது, இன்னொன்று தெற்கே. பின்னால் இரண்டு தண்ணீர்க் கேன்கள் இருந்தன. ஒன்றைத் தூக்கியபோதே நெட்ராவுக்குத் தெரிந்துவிட்டது. காலி. கேன்களை நானே நிரப்பிக்கொள்கிறேன் என்று டெல்வின் பிடிவாதமாகச் சொல்லியிருந்தார். நெட்ரா காலிக் கேனை ஓசைப்படாமல் இருந்த இடத்திலேயே வைத்தார்.

ஜீப்பின் பக்கவாட்டில் தார்ப்பாயைக் கட்டி அதன் நிழலில் உட்கார்ந்தார்கள். மத்தியானத்துக்கு மேல் காற்று எழுந்தது. மணல் முகத்தில் அறைந்தது. அது அடங்கியபோது டெல்வினின் மூளையில் ஏதோ விளக்கு எரிந்தாற்போல, பேச்சு தெளிவாக வந்தது.

“வண்டியை விட்டு நகரக் கூடாது, நெட்ரா. வண்டியைக் கண்டுபிடிச்சிடுவாங்க. ஆளைக் கண்டுபிடிக்க மாட்டாங்க. வேலைல இருந்தப்ப ரெண்டு பேரைப் பொணமாத் தூக்கிட்டு வந்திருக்கேன். ரெண்டு பேர் வண்டியிலயும் தண்ணி இருந்துது.”

“நான் எங்கயும் போகல.”

அவர் ஓடையையும் எதிர்மேட்டையும் வெகுநேரம் பார்த்தார்.

“இது இடப்பக்க வழிதானே?”

“ஆமான்னு நினைக்கறேன்.”

“உனக்கு அங்கயே தெரியலையா?”

பிரிவில் தான் கேட்டதும் அவர் சீறியதும் அவருக்கு ஞாபகம் இல்லை என்று நெட்ரா புரிந்துகொண்டார்.

“இல்ல,” என்றார். “எனக்கும் தெரியல.”

டெல்வின் தலையை ஆட்டினார். “அப்ப நான்தான் உன்னை இங்க கொண்டுவந்து தள்ளிட்டேன்,” என்றார். பிறகு, “நாளைக்கு லைமன் வருவான் இல்ல? அவன் வலப்பக்கம் போயிடுவான். நம்மளைத் தாண்டிப் போயிடுவான். பிரிவுல யாராவது நிக்கணும்.”

“யாரும் எங்கயும் நிக்க வேண்டாம். பேசாம இரு.”

இருட்டியதும், கணவர் எழுந்து போய்விடுவாரோ என்ற பயத்தில், நெட்ரா அவருடைய பெல்ட்டில் ஒரு கயிற்றைக் கட்டி மறுமுனையைத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டார். “கன்னுக்குட்டியா நான்?” என்றார் டெல்வின். “அதைவிட மோசம்,” என்றார் நெட்ரா. அதுதான் கடைசிப் பேச்சு.

விடிந்து பார்த்தபோது அந்தக் கயிறு சீராகச் சுருட்டித் தலைமாட்டில் வைக்கப்பட்டிருந்தது. அதன் பக்கத்தில் டெல்வினின் தண்ணீர்ப் பாட்டில், கழுத்துவரை நிறைந்து நின்றது. தொப்பியைக் காணோம். பூட்ஸ் தடம் வந்த வழியே மேலேறிப் போயிருந்தது.

நெட்ராவுக்கு ஒரு முட்டியில் ஆபரேஷன் செய்திருந்தது. பாட்டிலை எடுத்துக்கொண்டு அரை மைல் வரை போனார். கூப்பிட்டார். தொண்டை கட்டும்வரை கூப்பிட்டார். கால் மடங்கியது. வண்டியை விட்டு நகராதே என்று அவரே சொன்னதை நினைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஒன்பது மணிக்கு சர்ச்சில் அவர்கள் வழக்கமாக உட்காரும் பெஞ்சு காலியாக இருந்தது. முதல் பாட்டு முடிவதற்குள் நான் எழுந்து வெளியே வந்தேன். எங்கள் மாவட்டப் போலீஸான ஷெரிப் ஆபீசுக்குப் போன் செய்தேன். ஒரு டெபுட்டி தெற்கு முனையிலிருந்து வருவதாகவும், அவர் வந்து சேர மத்தியானம் மூன்று நான்கு மணியாகிவிடும் என்றும் சொன்னார்கள். என் இழுவை வண்டியில் பத்து மணிக்குக் கிளம்பினேன். ஒன்று ஐம்பதுக்குப் பிரிவுக்கு வந்தேன். வெயில் நூற்றியேழு டிகிரி.

இடப்பக்க வழியின் குறுக்கே கற்கள் வரிசையாக அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றும் தலையளவு. ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, நூல் பிடித்தாற்போல, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை. ரோடு போடுகிறவர்கள் கெட்டுப்போன வழியை அடைப்பது அப்படித்தான். ஓ, இதை மூடிவிட்டார்களா, நல்லது, அப்படியென்றால் இவர்கள் இந்தப் பக்கம் போயிருக்க முடியாது என்று நினைத்தேன். என்ன நினைத்தேன் என்பது இன்றுவரை எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. நான் இறங்கவில்லை. இஞ்சினைக்கூட அணைக்கவில்லை. வலப்பக்கம் திருப்பிக்கொண்டு போனேன்.

மணலில் தடம் எதுவும் தெரியவில்லை. நேற்றைய காற்று மூடியிருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். பிரிவிலிருந்து பதினோராம் மைலில் மாட்டுக் குளம். அதன் கரைச்சேற்றில் மாட்டுக் குளம்புகள் இருந்தன, மான் குளம்புகள் இருந்தன, டயர் தடம் இல்லை. அந்தச் சேற்றைத் தொடாமல் ஒரு வண்டியும் தெற்கே போக முடியாது. அப்போதுதான் வண்டியைத் திருப்பினேன். அந்த வழியில் வேகமாகத் திரும்பவும் முடியாது.

மறுபடியும் பிரிவுக்கு வந்தபோது நாலு இருபத்தைந்து. இந்தத் தடவை இறங்கினேன். பாலைவனத்துக் கல் வெயிலில் கிடந்து கிடந்து மேல்பக்கம் கறுத்துப்போகும். மண்ணில் புதைந்திருந்த அடிப்பக்கம் வெளிறியிருக்கும். வரிசையில் பாதிக் கற்களுக்கு வெளிறிய பக்கம் மேலே இருந்தது. சில கற்களின் அடியில் ஒட்டிய மண் இன்னும் உதிரக்கூட இல்லை. கடைசிக் கல்லில் விரல் பட்ட இடத்தில் ரத்தம் காய்ந்திருந்தது.

எண்பது தப்படி தள்ளி ஒரு ஜூனிபர் மரம். அதன் கீழே தொப்பி தெரிந்தது.

டெல்வின் ஒருக்களித்துப் படுத்திருந்தார். சட்டைப் பொத்தான் எல்லாம் போட்டிருந்தது. விரல் நுனிகள் கிழிந்திருந்தன. கழுத்தில் கை வைத்துப் பார்த்தேன். அந்த வெயிலில் எல்லாமே சூடாகத்தான் இருக்கும், உயிர் எப்போது போனது என்று தொட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. என் தார்ப்பாயால் மூடி நாலு மூலையிலும் கல் வைத்தேன். டெபுட்டிக்கு ரேடியோவில் சொன்னேன். பிறகு அவர் அடுக்கிய கற்களில் இரண்டு சக்கரம் போகிற அளவுக்கு மட்டும் ஒதுக்கிவிட்டு இடப்பக்கம் இறங்கினேன்.

என் வண்டிச் சத்தம் கேட்டு நெட்ரா ரோட்டுக்கு ஏறி நின்றிருந்தார். முகம் வெந்திருந்தது. நான் நிறுத்தியதும் முன் இருக்கையைப் பார்த்தார். பின்னாலும் போய்ப் பார்த்தார்.

“தனியாவா வந்தே?”

“ஆமா.”

“எங்க?”

“பிரிவுல.”

அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். நான் கொடுத்த தண்ணீரைக் குடித்தார். அழவில்லை. நிரம்பியிருந்த இன்னொரு கேனில் இன்னும் பாதித் தண்ணீர் இருந்தது. அதையும் எடுத்துக்கொள் என்றார். எடுத்துக்கொண்டேன்.

பிரிவில் இறங்கி, தார்ப்பாயை அவரே விலக்கிப் பார்த்தார். டெல்வினின் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டெபுட்டியின் வண்டி தூரத்தில் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது. அப்போதுதான் கற்கள் நெட்ராவின் கண்ணில் பட்டன.

“இதை அவன் அடுக்கினானா?”

“ஆமா.”

“உனக்காக அடுக்கியிருக்கான். நீ தாண்டிப் போயிடக் கூடாதுன்னு.” வரிசையை ஓரம்வரை பார்த்துவிட்டு, “அடுக்கத் தெரிஞ்ச மாதிரி அடுக்கிட்டான். வழியை மூடற மாதிரி,” என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். “நீ எத்தனை மணிக்கு இங்க வந்தே, லைமன்?”

“நாலரை,” என்றேன்.

டெபுட்டியிடம் நான் பொய் சொல்லவில்லை. இரண்டு நேரத்தையும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். பரிசோதனை செய்த டாக்டர், மத்தியானம் பன்னிரண்டுக்கும் நாலுக்கும் நடுவில் உயிர் போயிருக்கும், அதற்கு மேல் துல்லியமாகச் சொல்ல முடியாது என்றார். நான் இஞ்சினை அணைக்காமல் அங்கே நின்ற ஒன்று ஐம்பது அந்த நாலு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட நடுவில் வருகிறது.

அடக்கம் முடிந்து சர்ச் கூடத்தில் சாப்பாடு. சாவு வீட்டுக்கென்றே எங்கள் பெண்கள் செய்கிற சீஸ் உருளைக்கிழங்கு ஏழு தட்டு வந்திருந்தது. கார்லீன் யாரையும் பார்க்காமல் அம்மாவிடம் போய் நின்றாள்.

“மூணு நாள் பொறுத்திருந்தா நான் வந்திருப்பேனே. எப்படிம்மா அவரை ஓட்ட விட்டே?”

நெட்ரா அடுக்களைக்குள் போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தார். நான் காகிதத் தட்டோடு சுவரோரம் நின்றேன். நீ எப்படிக் காற்று பிடித்துக் கொடுத்தாய் என்று என்னை யாரும் கேட்கவில்லை. யாராவது கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

ஜூலையில் நான் தனியாகப் போய் ஜீப்பை வெளியே இழுத்தேன். ஒரு நாள் முழுக்க ஆயிற்று. புது டை ராட் போட்டு என் கொட்டகையில் நிறுத்தினேன். அதைப் பற்றிப் பேச நெட்ராவின் வீட்டுக்குப் போகவேண்டும் என்று தினமும் நினைத்தேன். செப்டம்பரில்தான் போனேன்.

சமையலறையில் நெட்ரா பீச் பழங்களைத் தோலுரித்துச் சீசாக்களில் அடைத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். இதற்கு முன் துண்டு துண்டாகச் சொன்னதை எல்லாம் அன்று முழுசாகச் சொன்னார். பிரிவில் தனக்குத் தெரியும் என்பதையும், தார்ப்பாயின் கீழே தெரியாது என்று சொன்னதையும் அன்றுதான் சொன்னார்.

“தெரியும், தெரிஞ்சேதான் விட்டேன்னு சொல்லியிருந்தா கோவிச்சுட்டிருப்பான். சண்டை போட்டிருப்போம். சண்டை போட்டுட்டிருக்கற மனுஷன் எழுந்து போக மாட்டான், லைமன். தன் தப்புன்னு நினைச்சவன்தான் போவான்.”

“அவருக்கு மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதானே சொன்னீங்க.”

“அப்படித்தான் நானும் சொல்லிக்கறேன். தண்ணி பாட்டிலை மறந்துட்டுப் போனானா, எனக்கு விட்டுட்டுப் போனானான்னு தெரியல. மறந்துட்டான்னு நினைச்சா ஒரு நாள் போகுது. விட்டுட்டுப் போனான்னு நினைச்சா அன்னிக்குத் தூக்கம் இல்ல.”

கத்தி பழத்தைச் சுற்றி வந்துகொண்டே இருந்தது. நான் சொன்னேன். ஒன்று ஐம்பது, கற்கள், அணைக்காத இஞ்சின், மாட்டுக் குளம், எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்தபோது என் குரல் யாருடையதோ போல இருந்தது.

“தெரியும்,” என்றார் நெட்ரா. “அறிக்கையோட காப்பி ஆகஸ்ட்ல தபால்ல வந்துது. ரெண்டு நேரமும் போட்டிருந்துது.”

“ஏன் என்கிட்டக் கேக்கல?”

“கேட்டா சொல்லியிருப்பே. கேக்காம சொல்றியான்னு பாத்தேன். அஞ்சு வாரம் ஆச்சு உனக்கு.”

“நெட்ரா, ஒண்ணு அம்பதுக்கு அவர் ஒருவேளை…”

“அதைப் பேசாதே.” கத்தியைக் கீழே வைத்தார். “நீயும் நானும் அதைப் பேச ஆரம்பிச்சா அதுக்கு முடிவே கிடையாது.”

அடுப்பில் சீசாக்கள் கொதிக்கும் தண்ணீரில் ஒன்றோடொன்று மோதிச் சத்தமிட்டன. என்னை மன்னிப்பீர்களா என்று கேட்டேனா, இல்லை என் முகம் கேட்டதா, தெரியவில்லை. அவர் பதில் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

“மன்னிப்பெல்லாம் இப்ப எங்கிட்ட இல்ல, லைமன். இருந்தா குடுத்திருப்பேன். முதல்ல எனக்கே வேணும்.”

போகும்போது இரண்டு சீசா பீச் கொடுத்தார். ஜீப்பை விற்றுவிடச் சொன்னார். நான் போட்ட டை ராடுக்கு எவ்வளவு என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அதற்கும் அவர் மறுத்துப் பேசவில்லை.

அதன் பிறகு சர்ச்சில் பார்த்தால் தலையசைப்பார், அவ்வளவுதான். ஜீப்பை அக்டோபரில் நெவாடாவிலிருந்து வந்த ஒரு தம்பதி வாங்கிக்கொண்டு போனார்கள். வீடும் விலைபோயிற்று. நவம்பரில் கார்லீன் வந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். போகிற வழியில் அவள் வண்டி என் ஒர்க்‌ஷாப் முன்னால் நின்றது. நெட்ரா இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினார். மடியில் ஒரு பூத்தொட்டி இருந்தது.

“இவ ரொம்ப வேகமா ஓட்டறா. நீயாவது சொல்லு.”

கார்லீன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடக்கத்துக்குப் பிறகு அவளை அன்றுதான் பார்க்கிறேன். வழியில் அம்மாவும் மகளும் பேசிக்கொண்டு வந்ததாகத் தெரியவில்லை.

“மெதுவாப் போங்க,” என்றேன். “மலைல பனி பேஞ்சிருக்கு.”

கார்லீன் தலையசைத்தாள். நெட்ரா இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

வண்டி பெட்ரோல் பங்கைத் தாண்டி வடக்கே திரும்பியது. உள்ளே போன் அடித்தது. தெற்கே மணலில் யாரோ மாட்டிக்கொண்டிருந்தார்கள். எந்த இடம் என்று அவர்களுக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வண்டியை விட்டு நகராதீர்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.